மாமன் சீர்த் தட்டில் ஒரு கிட்டார்

ஈஜிபுரா, பெங்களூர்
15 ஜூன் 2025

தனத்துக்கு அண்ணன் முனிகிருஷ்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, நல்லபடியாக இருக்கிறோம். உன் அண்ணி வள்ளியம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வருகிறது, போகிறது. விருந்தாளி வந்து கோழி அடிக்கும் நாளில் அது வருவதே இல்லை.

நீ என் போனை எடுக்க மாட்டாய் என்று ராஜமாணிக்கம் வந்து சொன்னார். "முனி, உன் தங்கச்சிக்கு உன் குரலைக் கேட்டா மனசு எளகிடுமாம். அதனால போன் வேணாமாம். என்ன சொல்லணுமோ அதை எழுதி என்கிட்ட குடுத்தனுப்பச் சொல்லுச்சு" என்றார். நல்ல ஏற்பாடுதான். உன் தெருக்காரர், தினமும் தங்கவயலிலிருந்து ரயிலில் பெங்களூர் வேலைக்கு வந்து போகிறவர், என் கடையில் தேங்காய் வாங்காமல் திரும்பாதவர். தபால்காரரைவிட ஒழுங்கு. அந்த ரயிலில் அவருக்கென்று ஒரு ஜன்னலோரம் எப்படி வந்தது என்பது பெரிய கதை. பங்காருப்பேட்டையில் ஏறுகிற ஒரு பால்காரருக்கும் அவருக்கும் நடந்த சண்டையில் ஆரம்பிக்கும். அதை இன்னொரு நாள் சொல்கிறேன். இப்போது நம் சண்டைக்கு வருகிறேன்.

பார்கவிக்கு ஆவணியில் கல்யாணம். பெண்ணைப் பெற்றவள் நீ, தாய்மாமன் நான். சீர் கொண்டுவருவது என் பொறுப்பு. பட்டுச்சேலை, வெள்ளி விளக்கு என்று நீ மனதுக்குள் ஒரு வரிசை வைத்திருப்பாய். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் உன் மகள் என்ன செய்தாள் தெரியுமா? வொயிட்ஃபீல்டு ஹாஸ்டலில் கொடுக்கிற சாம்பார் சலித்துப் போய் ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் வீட்டுக்குச் சாப்பிட வருவாள் அல்லவா, அன்றைக்கு மீன் குழம்பு. மத்தி மீன். வள்ளியம்மா மாங்காய் போட்டிருந்தாள். மாங்காய் கொஞ்சம் புளிப்பு கம்மி, அது வேறு விஷயம். முதல் வாயை விழுங்கிவிட்டுக் கேட்கிறாள்.

"மாமா, சீருக்கு என்ன வேணும்னு கேட்டீங்களே. கேட்டா குடுப்பீங்களா?"

"வானத்தைத் தவிர எது வேணா கேளு கண்ணு."

"எலக்ட்ரிக் கிட்டார்."

எனக்கு முள் தொண்டையில் மாட்டியது. வள்ளியம்மா ஒரு உருண்டை வெறும் சோறு கொடுத்தாள். முள் இறங்கியது, பேச்சு இறங்கவில்லை. பிறகு குழந்தை விவரமாகச் சொன்னாள். ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து வாசிக்கிறார்களாம். இவள் வாசித்துக்கொண்டிருந்தது கூட வேலை செய்கிற ஒருவனுடைய கிட்டார். அவன் கனடாவுக்குப் போகும்போது அதையும் கொண்டுபோய்விட்டான். "பழைய காலத்துச் சத்தம் வரணும் மாமா. ஒடம்புல ஒரு பக்கம் மட்டும் வெட்டின மாடல். தொட்டா சத்தம் தடிமனா வந்து அப்படியே நிக்கணும்" என்றாள். கேட்கும்போது அவள் முகம் சின்ன வயதில் பஞ்சுமிட்டாய்க்காரனைப் பார்த்த முகம் மாதிரி இருந்தது. நான் அவள் உள்ளங்கையில் கையடித்துக் கொடுத்துவிட்டேன்.

அதைச் சொல்லத்தான் போன் செய்தேன். நீ, "கிட்டாரைத் தூக்கிக்கினு வந்தா பந்தலுக்குள்ள கால் வைக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாய். இருபத்தேழு வருஷத்துக்கு முன்பு உன் பந்தலில் நட்ட மூங்கிலை நான்தான் பிடித்தேன். உன் மகள் பந்தலில் எனக்கு இடமில்லையா?

அண்ணன்,
முனி

ராபர்ட்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.
19 ஜூன் 2025

அண்ணா,

லெட்டர் வந்துச்சு. நான் படிச்சது கன்னட ஸ்கூல்ல. தமிழ் எழுத்து, நீ பேப்பர் பொட்டலத்தைப் பிரிச்சி வச்சிச் சொல்லிக் குடுத்ததுதான். அதனால பேசற மாதிரிதான் எனக்கு எழுத வரும். திருத்தாத.

நீ மீன் கொழம்பு, மாங்கான்னு சுத்தி வளைச்சி என்னைச் சிரிக்க வைக்கப் பாக்கற. நான் சிரிக்கல. உங்க மச்சான்தான் படிச்சிட்டு சிரிச்சாரு. அவரைப் பத்திப் பேச்சு வேணாம், அவரு எல்லாத்துக்கும் சிரிப்பாரு.

சீர்னா என்னான்னு உனக்குத் தெரியாதா? நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து என் நாத்தனாரு மனோரஞ்சிதம் எனக்குப் பொறந்த வீட்ல என்ன செஞ்சாங்க, என்ன செய்யலன்னு எண்ணிக்கினே இருக்கறவ. தட்டுமேல துணிய எடுத்ததும் அவதான் மொதல்ல எட்டிப் பாப்பா. அவ முன்னாடி நீ கச்சேரிக்காரன் சாமானை வச்சா, "தேங்காக் கடைக்காரரு செலவ மிச்சம் பண்ணிட்டாரு"ன்னு பந்தி முடியறதுக்குள்ள ஊரெல்லாம் சொல்லிடுவா.

இன்னொண்ணும் இருக்கு. அவ கிட்டார் வாசிக்கறது உனக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், கனடா போனவனுக்குத் தெரியும். பெத்த எனக்குத் தெரியாது. நான் என்ன, வேணாம்னா சொல்லியிருப்பேன்? சரி, சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாமே.

பட்டும் வெளக்கும் கொண்டா. இல்லன்னா நான் வெத்தல பாக்கு வச்சி உன்னை அழைக்க வரமாட்டேன். அழைக்காத எடத்துக்கு நீ வரமாட்டன்னு எனக்குத் தெரியும்.

தனலக்ஷ்மி

ஈஜிபுரா
26 ஜூன் 2025

தனம்,

நீ கோபமாக எழுதினாலும் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. சொல்லிக் கொடுத்தவனுக்குப் பெருமை.

கையடித்துக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், உன் பேச்சு ஒரு பக்கம். எதற்கும் பொருளைப் பார்த்துவிடலாம் என்று நானும் வள்ளியம்மாவும் போனோம். பார்கவிக்குச் சொல்லவில்லை. ரெசிடென்சி ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் கடை. போகிற பஸ்ஸில் ஒரு அம்மாள் மடியில் வாழைக்கன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் அந்தக் கன்றுக்கும் டிக்கெட் கேட்டார். "மகூன கேள்றி, மகு மலகிதே" என்றாள் அவள், பிள்ளை தூங்குகிறது, அதைக் கேளுங்கள் என்று. பஸ் மொத்தமும் சிரித்தது, கண்டக்டரும்தான். அந்தச் சிரிப்போடு படி ஏறியதால் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

கடையில் தியோடர் என்று ஒருவர். பிரேசர் டவுன் தமிழர். தலைமுடியைப் பின்னால் முடிந்து வைத்திருக்கிறார். அர்ச்சகர் குடுமி மாதிரி இருந்தாலும் காதில் கடுக்கன் ஒன்றுதான்.

"யாருக்கு சார்?"

"சீருக்கு."

"எந்த பேண்டு சார் அது?"

தாய்மாமன் சீர் என்றால் என்ன என்று வள்ளியம்மா உட்கார்ந்து விளக்கினாள். அவர் கடையில் இருந்த மற்ற ஆட்களையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். பிறகு உன் மகள் சொன்ன அடையாளத்தைச் சொன்னேன். உள்ளே போய் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். வெல்லப்பாகு நிறம், ஓரத்துக்குப் போகப் போகக் கருகல். பார்க்க லட்சணம்தான். ஆனால் தனம், அதன் கழுத்துக்குக் கீழே வலது பக்கம் ஒரு தோளே இல்லை. எலி கடித்த பணியாரம் மாதிரி இருந்தது.

"என்னாங்க, மூளியா இருக்கு?"

"அதான் சார் மாடல். சிங்கிள் கட்."

"நல்ல காரியத்துக்கு மூளியை வைப்பாங்களா?"

அதோடு முதுகில் கீறல், விளிம்பில் தேய்மானம். கேட்டால், பழசு மாதிரி தெரிய வேண்டும் என்று கம்பெனியிலேயே தேய்த்து அனுப்புகிறார்களாம். நான் பழைய தேங்காயை நார் உரித்து, துடைத்து, புதுசு மாதிரி அடுக்குகிறவன். புதுசைத் தேய்த்துப் பழசாக்குகிற வியாபாரத்தை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

சரி, சத்தம்தானே முக்கியம் என்று என் வழியில் பார்த்தேன். விரல் முட்டியால் அதன் வயிற்றில் தட்டினேன். தியோடர் "சார் சார்" என்றார். ஒன்றும் கேட்கவில்லை. சுவரைத் தட்டின மாதிரி. தண்ணீர் வற்றிப்போன காய் என்று வைத்துவிட்டேன். கடையில் தொங்கின எல்லாவற்றையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். மூலையில் நீலக் கலரில் ஒன்று, இரண்டு தோளும் சமம், வயிற்றில் பாம்பு நெளிந்த மாதிரி இரண்டு ஓட்டை. தட்டினேன், "டங்" என்றது. இளநீர் பதம். "இதை எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டேன்.

"சார், இது உள்ளே வெறும் கூடு. சத்தம் கூட்டினா ஊளை விடும். உங்க பொண்ணு கேட்ட சத்தம் இது இல்லை."

"கல்யாண வூட்ல ஊளையா?" என்றாள் வள்ளியம்மா.

அவள் கிடக்கிறாள். மூளி இல்லை, கீறல் இல்லை, பளபளவென்று இருக்கிறது. இதை வைத்தால் உன் நாத்தனாரால் என்ன சொல்ல முடியும்? ஆடி பிறப்பதற்குள் வாங்கிவிட வேண்டும், அந்த மாதத்தில் சீர்ப் பொருள் வாங்கினால் நீயே ஏற்க மாட்டாய். சரி என்று ஒரு வரி எழுது.

முனி

ராபர்ட்சன்பேட்டை
30 ஜூன் 2025

அண்ணா,

சரின்னு ஒரு வரி எழுத மாட்டேன். வேணான்னு ஒரு வரி எழுதறேன். வேணாம்.

தேங்கா தட்டற மாதிரி தட்டிப் பாத்து எடுத்து வச்சேன்னு வெளியில யார்கிட்டயும் சொல்லாத. ராஜமாணிக்கம் அண்ணன் இந்த லெட்டரைக் குடுக்கும்போதே ஒரு மாதிரி சிரிச்சாரு. நீ ஒட்டறதுக்கு முன்னாடி அவருக்குப் படிச்சிக் காட்டினியா?

நேத்து மனோரஞ்சிதம் ரவிக்கை அளவு குடுக்க வந்தா. "என்ன தனம், உங்க அண்ணன் என்ன செய்யறாரு?"ன்னு கேட்டா. வாயில ஊசிய வச்சிக்கினு இருந்ததால நான் தப்பிச்சேன். எத்தனை நாளைக்கி நான் வாயில ஊசிய வச்சிக்கினு இருக்க முடியும்?

சனிக்கெழம நான் வரேன். உன்னைப் பாக்க இல்ல. அந்தக் கடைக்குப் போயி, எடுத்து வச்ச நீலத்தை உள்ள வைய்யின்னு நானே சொல்லிட்டு வரேன். கடை எங்கன்னு மட்டும் எழுது. நீ அங்க வரக்கூடாது. வந்தா பேசிடுவ.

தனலக்ஷ்மி

ஈஜிபுரா
2 ஜூலை 2025

தனம்,

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கு. ஆட்டோக்காரனிடம் கன்னடத்தில் பேசு, தமிழில் பேசினால் ஊர் சுற்றிக் காட்டுவான். கீழே கண்ணாடிக் கடை, மேலே இது. படி செங்குத்து, கம்பியைப் பிடித்துக்கொள்.

நான் வரமாட்டேன். வாக்கு. ஆனால் காலையில் அஞ்சரைக்கு ரயில் ஏறுகிறவள் வெறும் வயிற்றோடு போகாதே. உன் அண்ணி எலுமிச்சம்பழச் சோறு கட்டி தியோடரிடம் கொடுத்து வைப்பதாகச் சொல்கிறாள். கோபம் என்மேல்தானே, சோற்றின்மேல் இல்லையே.

ராஜமாணிக்கத்துக்கு நான் படித்துக் காட்டவில்லை. அவரே கேட்டார், அதனால் கதையாகச் சொன்னேன்.

முனி

ராபர்ட்சன்பேட்டை
7 ஜூலை 2025

அண்ணா,

போனேன்.

சோத்துல உப்பு கம்மின்னு அண்ணிகிட்ட சொல்லு. ஆனா மிச்சம் வைக்கல.

அந்தத் தியோடரு நல்ல மனுசன். "நீங்கதான் கோவமா இருக்கற அம்மாவா?"ன்னு கேட்டாரு. ஊரெல்லாம் என் பேரு இப்படித்தான் போவுது. நீலத்தை உள்ள வைங்க, எங்களுக்கு கிட்டாரே வேணாம்னு சொன்னேன். "சரிங்க, வேணாம். இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, உங்க அண்ணன் மூளின்னு சொன்னதை ஒரு தபா பாத்துட்டுப் போங்க"ன்னு எடுத்துக்கினு வந்து மேசைமேல வச்சாரு.

பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அண்ணா, அது மூளி இல்ல. அது கையிடுக்கு. நான் நாளெல்லாம் வெட்டறேனே, ரவிக்கையில கை போறதுக்கு வளைச்சி வெட்டற எடம், அதே வளைவு. அந்த மனுசன் வாசிக்கும்போது பாத்தேன். விரல் மேல மேல ஏறி கடைசிக்குப் போவணும்னா கைக்கு எடம் வேணும். கை போறது ஒரு பக்கந்தான். அப்புறம் இன்னொரு பக்கத்தை எதுக்கு வெட்டித் துணிய வீணாக்கணும்? தைக்கறவன் எவனோ யோசிச்சித்தான் வெட்டியிருக்கான்.

சத்தத்தைச் சொல்லணும். ஒரு பொட்டியில வயரைச் சொருகினாரு. அதுல பல்பு மாதிரி என்னமோ செவப்பா எரிஞ்சிது. ஒரே ஒரு கம்பிய இழுத்து விட்டாரு. நான் இதென்ன பெருசுன்னு கைப்பையத் தொறந்து கர்சீப் எடுத்து மொகத்தைத் தொடைச்சி, உள்ள வச்சி, பைய மூடிட்டு நிமிந்தா, இன்னும் அந்தச் சத்தம் அங்கியே நிக்குது. போவல. பாகு எறக்கும்போது கரண்டியிலேர்ந்து விழற கம்பி அறுபடாம நிக்குமே, அது மாதிரி.

அப்புறம் அந்தாளு கேட்டாரு. "இதையே கேட்ட பொண்ணு பேரு பார்கவியா? கண்ணாடி போட்டுக்கினு, சனிக்கெழமயில வருவாங்களே? வந்தா வேற எதையும் தொட மாட்டாங்க, இதையே மடியில வச்சிக்கினு ஒக்காந்துடுவாங்க. மொதல்ல எப்பவும் ஒண்ணு வாசிப்பாங்க. எந்தப் பாட்டுன்னு கேட்டா, பாட்டு இல்ல, எங்கம்மா மிஷின் மிதிக்கும்போது முணுமுணுக்கறதுன்னு சொல்லுவாங்க."

வாசிச்சிக் காட்டுங்கன்னு சொன்னேன். காட்டினாரு.

நான் முணுமுணுக்கறேன்னே எனக்குத் தெரியாது அண்ணா. அதுக்கு வார்த்தை கூட கெடையாது. காலு மிதிக்கற வேகத்துக்கு வாயி என்னமோ போடும். பொண்ணு பள்ளிக்கொடத்துப் பாடத்தை எழுதிக்கினே கீழ ஒக்காந்து கேட்டிருக்கா. நான் இத்தனை நாளா அவ என்கிட்ட எதையும் சொல்லலன்னு நெனச்சேன். அவ கடைக்காரன்கிட்ட என்னைப் பத்திச் சொல்லிக்கினு இருந்திருக்கா.

அந்த ஆளு தண்ணி குடுத்தாரு. குடிச்சேன். குடுங்க பாக்கலாம்னு கிட்டாரைக் கையில வாங்கினேன். அம்மாடி, என்னா கனம். கட்டை முழுக்க ஒரே மரமாம், உள்ள பொந்தே கெடையாதாம். சத்தம் நிக்கறதே அதனாலதானாம். நீ தட்டும்போது ஏன் கேக்கலன்னு இப்ப தெரியுதா?

கனத்தைக் கையில பிடிச்சதும் எனக்கு ஒரு எண்ணம் வந்துச்சு. நம்ம பக்கத்துல சீர்த் தட்டைப் பாத்து என்னா கேப்பாங்க? கனமா இருக்கான்னுதானே கேப்பாங்க? வெளக்கை ரெண்டு வெரலால தூக்கிடலாம். இதைத் தூக்கணும்னா ரெண்டு கை வேணும், ஒரு இடுப்பு வேணும்.

நீலத்தை உள்ள வைக்கச் சொல்லிட்டேன். மூளிய எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். கீறல் இருந்துட்டுப் போவுது, அந்த மாடல்ல அந்தாளு காட்டின மத்ததை விட இதுல கொறச்சல்தான். ஆனா தட்டு வச்சி, வெத்தல பாக்கு பழம் பூவு எல்லாம் வச்சி, மொறையா வரணும். பட்டும் ஒண்ணு வை, சின்னதாவாவது.

மனோரஞ்சிதம் என்னா சொல்லுவாளோன்னு பயம் இன்னும் இருக்கு. அதை நான் பாத்துக்கறேன்.

தனம்

ஈஜிபுரா
12 ஜூலை 2025

தனம்,

உன் கடிதத்தை நான் கடை வாசலில் நின்று படித்தேன். இளநீர் கேட்டு வந்தவர், "ஏன் சார் அழறீங்க, விலை ஏறிடுச்சா?" என்று கேட்டார். அவருக்கு ஒரு இளநீர் சும்மா வெட்டிக் கொடுத்தேன். பின்னாலேயே அவர் ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் வந்து, "இங்கே சும்மா கிடைக்குமாமே" என்று நின்றார்கள். சந்தோஷத்தில் வியாபாரம் செய்யக் கூடாது.

கிட்டார் வாங்கியாகிவிட்டது. ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. வள்ளியம்மா மஞ்சள் குங்குமம் வைக்கப் போனாள். தியோடர் பதறி, "அம்மா, பெட்டிமேல வைங்க, மரத்துமேல வேணாம்" என்றார். பெட்டிமேல் வைத்தோம். இப்போது அது பீரோவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பார்கவி வந்தால் தெரிந்துவிடும் என்று புடவை போர்த்தி வைத்திருக்கிறோம். நேற்று ராத்திரி ஆபீஸ் முடிந்து சாப்பிட வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, "அத்தை, யாரு இது மூலையில?" என்று கேட்டாள். மாவு மிஷின் என்று சொல்லிவிட்டாள் உன் அண்ணி. பெண் நம்பவில்லை, சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு சிக்கல். தட்டு. வீட்டில் இருக்கிற பெரிய தாம்பாளத்தில் வைத்தால் கழுத்து முழுக்க வெளியே நீட்டிக்கொண்டு, குட்டித் தொட்டிலில் படுத்த வாலிபன் மாதிரி இருக்கிறது. என் கடையில் காய் வாங்குகிற கல்யாணச் சமையல்காரர்களிடம் கேட்டேன். மைசூர்பாகு கொட்டுகிற நீளத் தட்டு ஒன்று இருக்கிறதாம். அதில் அளவாக உட்காருகிறது. நெய் வாசனை போகவில்லை, தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லாம் எழுதினாய். ஒன்றை மட்டும் நீ எழுதவில்லை. தட்டு வரலாம் என்றாய். தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் வரலாமா? நீ அழைத்தால்தான் நான் வருவேன் என்று உனக்கே தெரியும். வெற்றிலையை ராஜமாணிக்கத்திடம் கொடுத்தனுப்பாதே. அவர் நல்லவர், ஆனால் பாதி வழியில் வாயில் போட்டுவிடுவார்.

முனி

ராபர்ட்சன்பேட்டை
4 செப்டம்பர் 2025

அண்ணா,

கல்யாணம் முடிஞ்சி வீடு வெறிச்சுன்னு கெடக்கு. பொண்ணும் மாப்பிள்ள ராகேஷும் மறுவீடு வந்துட்டுப் போனாங்க. உங்க மச்சான் வாழைத்தாரை இன்னும் தின்னுக்கினு இருக்காரு.

போன்ல கேக்கலாம். ஆனா உன் லெட்டர் படிச்சிப் பழகிடுச்சு, அதனால எழுதறேன். எனக்கு ஒண்ணு தெரிஞ்சாவணும். பிள்ளையார் கோயில்லேர்ந்து சீர் கெளம்பும்போது தட்டு அண்ணி கையில இருந்துச்சு. மண்டபத்து வாசல்ல நான் ஆரத்தி எடுத்துக்கினு நிக்கறேன், பாத்தா மனோரஞ்சிதம் கையில வருது. அவ ஏன் தூக்கினா? கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. தெருவுல என்ன நடந்துச்சு? வெவரமா எழுது. மாங்கா, பஸ்ஸு எல்லாம் வந்தாலும் பரவால்ல.

தனம்

ஈஜிபுரா
8 செப்டம்பர் 2025

தனம்,

கேட்டாயே, சொல்கிறேன்.

கோயிலில் தேங்காய் உடைத்தோம். நான் கொண்டுபோன காய்தான், சரிபாதியாக உடைந்தது. நாதஸ்வரம் முன்னால், தவில் பக்கத்தில், அதற்குப் பின்னால் தட்டுக்காரப் பெண்கள். கிட்டார்த் தட்டை மூடின சிவப்புத் துணி பாதி வழியில் காற்றுக்குப் பறந்துவிட்டது. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் போட்ட கையோடு வந்து பார்த்தார். தவில்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "இது யாருக்கு, நமக்குப் போட்டியா?" என்று கேட்டார்.

உன் நாத்தனார் வேகவேகமாக வந்தாள். வள்ளியம்மாவைப் பார்த்து, "என்னாமா இது, தாய்மாமன் சீரா? அட்டையில செஞ்ச பொம்மை மாதிரி இருக்கு" என்றாள். வள்ளியம்மா இடுப்பைக் குனிந்து பார்த்தாள். "கொஞ்சம் பிடிங்க சம்பந்தி, கொசுவம் அவுந்துடுச்சு" என்று தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

மனோரஞ்சிதம் ஒரு அடி கீழே போய் மேலே வந்தாள். "அய்யோ, என்னாடி இது, அம்மிக்கல்லா?"

"மரம்தாங்க. முழு மரம்" என்றேன் நான்.

அவள் இன்னொரு முறை தூக்கிப் பார்த்தாள். அதற்குள் மாடியில் நின்ற பெண்கள் எல்லாம் போனில் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரை எடுப்பார்கள்? தட்டு யார் கையில் இருக்கிறதோ அவளைத்தான். ஒருத்தி மேலேயிருந்து, "அக்கா, நீங்களா வாசிப்பீங்க?" என்று கேட்டாள். உன் நாத்தனார் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். வள்ளியம்மா கொசுவத்தைச் சரிசெய்துவிட்டு வந்து, "குடுங்க" என்று கை நீட்டினாள். "இருக்கட்டும். கனம், உனக்கு முட்டி வலி" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நடந்தாள் என்றால், தேர் அசைகிற மாதிரி நடந்தாள். பாதி வழியில் மாப்பிள்ளையின் பெரியப்பா, "சீர் கனமா இருக்கு போல?" என்று கேட்டார். அவள் சொன்ன பதிலை நீ கேட்டிருக்க வேண்டும். "எங்க வூட்டு மருமவளுக்குப் பொறந்த வூடு லேசா செய்யுமா?"

இருபத்தேழு வருஷத்தில் உன்னை அவள் அப்படிச் சொன்னது முதல் தடவை என்று நினைக்கிறேன். அதனால்தான் உன்னிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

மற்றதெல்லாம் நீயே பார்த்தாய். சாயங்காலம் வரவேற்பில் பார்கவி பட்டுச்சேலையோடு ஸ்டூலில் உட்கார்ந்து மைக்செட்காரர் பெட்டியில் வயரைச் சொருகினது, முதல் சத்தம் மண்டபம் முழுக்க நின்றது, பந்தியில் பாயசம் ஊற்றினவர் கை அப்படியே நின்று இலை நிரம்பி வழிந்தது. அது என்ன மெட்டு என்று அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். தவில்காரருக்குக்கூடத் தெரியாது, ஆனால் மூன்றாவது சுற்றில் அவரும் மெல்லச் சேர்ந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நீ என்னிடம், "புகை" என்றாய். ஹோமம் காலையிலேயே முடிந்துவிட்டது, தனம்.

நீ ஜூலையில் வெற்றிலைத் தட்டோடு வந்து எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்தபோது நான் எதுவும் பேசவில்லை. எனக்குப் பேச வராமல் போன நாள் அது ஒன்றுதான். வள்ளியம்மா அதை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள்.

அண்ணன்

ராபர்ட்சன்பேட்டை
11 செப்டம்பர் 2025

அண்ணா,

படிச்சிச் சிரிச்சி, உங்க மச்சானுக்குப் படிச்சிக் காட்டி, மறுபடி சிரிச்சேன். ஆனா அந்தச் சிரிப்பு சாயங்காலம் வரைக்கும் கூட நிக்கல.

மனோரஞ்சிதம் வந்தா. கூட அவ பையன் முகேஷு. அவனுக்குத் தையில கல்யாணம், உனக்குத் தெரியும். காபி குடுத்தேன். குடிச்சிட்டு டம்ளரை வச்சிட்டு, மெதுவா ஆரம்பிச்சா. "தனம், இந்தக் காலத்துப் பசங்களுக்கு மோதிரம், செயின்லாம் பிடிக்க மாட்டேங்குது. பார்கவிக்கு உங்க அண்ணன் எவ்ளோ அழகா செஞ்சாரு. முகேஷுக்கும் மாமன் சீரு அது மாதிரி ஒண்ணு செஞ்சா நல்லாருக்கும்."

"என்ன வேணும் கண்ணு?"ன்னு அவனைக் கேட்டேன்.

"ட்ரம் செட்டு, அத்தை. புல் செட்டு. அஞ்சு ட்ரம்மு, நாலு தட்டு."

முகேஷுக்குத் தாய்மாமன் யாரு? என் வீட்டுக்காரரு. அவரு அந்தப் பக்கம் வாழைப்பழத்தை உரிச்சிக்கினே சிரிக்கறாரு. நான் என்ன சொல்ல முடியும்? அவ முன்னாடி, பையன் உள்ளங்கையில நானே கையடிச்சிக் குடுத்துட்டேன்.

வர சனிக்கெழம நான் கன்டோன்மென்ட்ல எறங்கறேன். தியோடர்கிட்ட சொல்லி வை. மைசூர்பாகு தட்டு பத்தாது, வேற என்னா கெடைக்கும்னு சமையல்காரங்களை விசாரி. இந்த தபா நீயும் கடைக்கு வா. ஆனா எதையும் தட்டிப் பாக்காத. தட்டற சாமான்தான், இருந்தாலும் அதைத் தட்ட அங்க ஆளு இருக்கு.

தங்கச்சி
தனம்